நூலகர் உதவுவார்

அந்த மருத்துவமனையில் நூலகம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் பாதிப் பேர் கான்டீனுக்கு வழி சொல்வார்கள். மீதிப் பேர், "நம்ம ஆஸ்பத்திரில நூலகம் இருக்கா?" என்று திருப்பிக் கேட்பார்கள். இருந்தது. ஆக்சிஜன் சிலிண்டர் கிடங்குக்கும் உடைந்த சக்கர நாற்காலிகளை அடைத்து வைத்த அறைக்கும் நடுவே, ட்யூப் லைட் விட்டு விட்டு எரியும் நீண்ட அறை அது. அதில் ஒரு நூலகர் அம்மாவும் இருந்தார். பதவி உயர்வு நேரத்தில் மட்டும் டாக்டர்கள் அவரைத் தேடி வருவார்கள். அவர்கள் பெயர் எந்தெந்தக் கட்டுரையில் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அவர் தேடிக் கொடுப்பார். வாங்கிக்கொண்டு, அவர் பெயரைக்கூடக் கேட்காமல் போவார்கள்.

இந்த நிலையில்தான் தரச் சான்றிதழ் கொடுக்கும் ஆய்வாளர்கள் வந்து இயக்குநரிடம் ஒரு வில்லங்கமான கேள்வியைக் கேட்டுத் தொலைத்தார்கள். "ஒரு சிகிச்சையைக் குடுக்கறதா வேண்டாமான்னு எதை வெச்சு முடிவு பண்றீங்க?"

"போன வருஷம் குடுத்தோமான்னு பார்ப்போம்" என்றார் இயக்குநர். மனிதர் பொய் சொல்லவில்லை. ஆய்வாளர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு ஏதோ குறித்துக்கொண்டார்கள்.

உடனே ஒரு குழு பிறந்தது. சுகாதார ஆராய்ச்சிச் சான்றுகளின் தேடல், மதிப்பீடு, சுருக்கம் மற்றும் பரவலாக்கத்துக்கான உயர்நிலை ஒருங்கிணைப்புக் குழு என்று அதற்குப் பெயர். பெயர்ப் பலகை கதவில் அடங்காமல் சுவரில் ஆரம்பித்து, கதவைத் தாண்டி, தீயணைப்புக் கருவியை மறைத்துக்கொண்டு போய் முடிந்தது. சுற்றறிக்கையில் உறுப்பினர்களின் பெயரும் பட்டங்களும் இரண்டு பக்கத்துக்கு ஓடின. கடைசி வரியில், கையெழுத்துக்குச் சற்று மேலே, "நூலகர் உதவுவார்" என்று இருந்தது.

அந்த இரண்டு சொற்களைப் படித்துவிட்டு நூலகர் மேசையைத் துடைத்தார். ஜன்னலைத் திறந்தார். அவருக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. ஓர் ஆய்வை நம்பலாமா கூடாதா என்று பார்ப்பது எப்படி என்பதை அவர் முறையாகப் படித்தவர். எத்தனை பேரோடு தொடங்கினார்கள், முடிவில் எத்தனை பேரைக் கணக்கில் சேர்த்தார்கள், நடுவில் காணாமல் போனவர்கள் எங்கே போனார்கள், செலவு யாருடையது என்று ஒன்றொன்றாகக் கேட்டுக்கொண்டு போக வேண்டும். அதற்குப் பொறுமைதான் வேண்டும், கழுத்தில் ஸ்டெதஸ்கோப் வேண்டாம் என்று அவர் நினைத்திருந்தார். அப்பாவி.

முதல் கேள்வியைக் கொண்டுவந்தவர் பெண்கள் அறுவை வார்டின் தலைமை நர்ஸ். கதவருகே நின்று சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

"மேடம், எங்க வார்டுல ஆபரேஷன் ஆன வயசானவங்களுக்கெல்லாம் சாயங்காலம் தூங்கறதுக்கு ஒரு மூடி ஆரஞ்சு மருந்து குடுக்கறோம். வார்டு சத்தமில்லாம இருக்கணுமாம். ஆனா காலைல பாத்ரூம் போக எழுந்தா தள்ளாடுறாங்க. ஒருத்தங்க விழுந்து இடுப்பெலும்பு உடைஞ்சே போச்சு. டாக்டர்கிட்ட கேட்டா, ரொம்ப வருஷமா குடுக்கறதுதானே சிஸ்டர்ங்கறார். எனக்கு மனசு ஒப்பல. இதைப் பத்தி யாராவது ஆராய்ச்சி பண்ணியிருக்காங்களா?"

பண்ணியிருந்தார்கள். நூலகர் தேடியதில் ஒன்பது ஆய்வுகள் கிடைத்தன. ஏழு ஆய்வுகள் ஒரே குரலில் பேசின: அந்த மருந்தால் தூக்கம் பெரிதாகக் கூடவில்லை, விழுவது நன்றாகவே கூடியது. மீதி இரண்டும் மருந்து அருமை என்றன. அந்த இரண்டையும் மருந்துக் கம்பெனியே நடத்தியிருந்தது. விழுந்தவர்களை, "ஒத்துழைக்கவில்லை" என்று சொல்லி நடுவிலேயே கணக்கிலிருந்து கழற்றிவிட்டிருந்தார்கள். அந்த வரியைப் படித்த நூலகர் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி படித்தார். அப்படித்தான் அச்சிட்டிருந்தது.

இதற்கிடையில் அவருடைய அக்காவுக்குப் பித்தப்பையில் கல் என்று தெரிந்தது. அறுபது தாண்டியவள், கனத்த உடம்பு, சாதாரண நாளிலேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிற முழங்கால். இதே மருத்துவமனையில், இதே வார்டில் ஆபரேஷன் என்று நாள் குறித்தார்கள். இவள் விழுந்தால் எழுந்திருக்க மாட்டாள் என்று நூலகருக்குத் தெரியும். அதற்குள் குழு ஒரு முடிவெடுத்துவிட்டால் அக்காவுக்கு மட்டுமில்லை, எல்லோருக்குமே மருந்து நின்றுவிடும். அவசர அவசரமாக நான்கு பக்கச் சுருக்கம் எழுதிக்கொண்டு முதல் கூட்டத்துக்குப் போனார்.

குழுத் தலைவர் மூத்த அறுவை மருத்துவர். "சுருக்கமாச் சொல்லணும்னா" என்று தொடங்காமல் அவர் பேசியதே இல்லை. தொடங்கினால், டீ ஆறி ஆடை கட்டும் வரை முடித்ததுமில்லை. ஆஸ்பத்திரி முழுக்க அவருக்குச் சுருக்கம் என்றே பெயர்.

"சுருக்கமாச் சொல்லணும்னா, இனிமே நம்ம ஆஸ்பத்திரில சான்று இல்லாம ஒரு ஊசிகூடப் போடறதில்ல. இதுவரைக்கும் எப்படிப் போட்டோம்னு யாரும் வெளில பேச வேண்டாம். நான் நூத்துக்கும் மேல கட்டுரை எழுதினவன். ஆராய்ச்சின்னா என்னன்னு எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்ல. படிக்கத்தான் நேரம் கிடைக்கல. எழுதறவன் படிச்சிட்டு உக்காந்திருந்தா எப்போதான் எழுதறது?"

உறுப்பினர்கள் மேசையைத் தட்டினார்கள். ஒருவர் தட்டிய வேகத்தில் விழித்துக்கொண்டார்.

அன்றைய முதல் பொருள், "உதவுவார்" என்றால் என்ன என்பது. அதை மருத்துவமனையின் தர அதிகாரி விளக்கினார். எந்தக் கேள்வி கேட்டாலும் மடிக்கணினியைப் பார்த்தே பதில் சொல்கிற இளைஞர். எதிரில் இருப்பது மனித முகம் என்பதில் அவருக்கு அவ்வளவாக நம்பிக்கை கிடையாது.

"மேடம் தேடலாம், எடுத்துட்டு வரலாம், நகல் எடுக்கலாம். மதிப்பீடு பண்றது மருத்துவப் பட்டம் உள்ளவங்க வேலை."

"நான் ஏற்கெனவே படிச்சுப் பார்த்து மதிப்பிட்டுட்டேன் சார்" என்றார் நூலகர்.

"முழுசாவா?" என்று கேட்டார் விழித்துக்கொண்டவர்.

"முழுசாத்தான் சார்."

நூலகர் கட்டுரைகளை முழுமையாகப் படித்துவிட்டது குழுவின் கவனத்துக்கு வந்ததாகவும், முதல் தடவை என்பதால் குழு அதைப் பெரிதுபடுத்தவில்லை என்றும் கூட்டக் குறிப்பில் எழுதிக்கொண்டார்கள்.

தலைவர் மட்டும் கொஞ்சம் இரக்கம் காட்டினார். "சரி, ஏழும் நல்ல ஆய்வுன்னு எதை வெச்சுச் சொல்றீங்க?"

"நோயாளிகளை ரெண்டு பக்கமாப் பிரிக்கும்போது குலுக்கல்ல பிரிச்சிருக்காங்க சார். யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் தண்ணின்னு சீட்டு மாதிரி விழும். அப்போ தனக்கு வேண்டின மாதிரி ஆளைப் பொறுக்க முடியாது. அதனால முடிவை நம்பலாம்."

"குலுக்கல்" என்று தலைவர் ருசித்துச் சொன்னார். "சுருக்கமா, அழகா இருக்கு. எல்லாரும் எழுதிக்குங்க." எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். ஏதோ ஒன்று உள்ளே போயிருக்கிறது என்று நூலகர் மனம் குளிர்ந்து திரும்பினார். போகத்தான் போயிருந்தது.

இரண்டாவது கூட்டத்துக்குத் தர அதிகாரி ஒரு மதிப்பெண் முறையைத் தயாரித்து வந்தார். கட்டுரையில் வண்ணப்படம் இருந்தால் பத்து மதிப்பெண். ஆசிரியர்கள் எண்ணிக்கை அதிகமென்றால் இன்னும் பத்து. எழுதியவரைக் குழுவில் யாருக்காவது நேரில் தெரியுமென்றால் இருபது. கம்பெனி நடத்திய இரண்டு ஆய்வுகளும் வழவழ தாளில், பக்கத்துக்கு ஒரு படத்தோடு, மாலை போட்ட மாப்பிள்ளை மாதிரி ஜொலித்தன. அதில் ஒன்றை எழுதியவரோடு தலைவர் கப்பலில் உல்லாசப் பயணம் போனவராம். முதல் இரண்டு இடமும் அவற்றுக்கே கிடைத்தது.

"விழுந்தவங்களைக் கணக்கிலேயே சேர்க்கல சார் அதுல" என்றார் நூலகர்.

தர அதிகாரி திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். "அதுக்குக் கட்டம் இல்ல மேடம்."

"கட்டம் போட்டுக்கலாமே?"

"கட்டம் போடறதுக்கு ஒரு துணைக்குழு இருக்கு. அது இன்னும் கூடல."

மூன்றாவது கூட்டத்தில்தான் மதிப்பீடு முடிவுக்கு வந்தது. அக்காவுக்கு நாள் நெருங்கியிருந்தது. தலைவர் ஒன்பது கட்டுரைகளையும் இரண்டு குவியலாக மேசைமேல் வைத்து, தலையைச் சாய்த்து, சுவரில் படம் மாட்டியவர் சரிபார்ப்பதுபோல் பார்த்தார். ஒரு பக்கம் ஏழு. ஒரு பக்கம் இரண்டு. அவர் முகம் சுளித்தது.

"சுருக்கமாச் சொல்லணும்னா, இது ஒருதலைப்பட்சமா இருக்கு. நாம நடுநிலையான நிறுவனம். ஒரு பக்கம் ஏழு பேரைப் பேசவிட்டு, இன்னொரு பக்கம் ரெண்டே பேரைப் பேசவிட்டா, அது நியாயமா? பாவம், அந்த மருந்து என்ன நினைக்கும்?"

"சார், உண்மை அந்தப் பக்கம் இருக்கறதாலதான் ஏழு இருக்கு" என்றார் நூலகர்.

"உண்மை எந்தப் பக்கம்னு முடிவு பண்றது நம்ம வேலை இல்லம்மா. சமமா வைக்கறதுதான் நம்ம வேலை. ரெண்டுக்கு ரெண்டு. ஏழுல எந்த ரெண்டை வெச்சுக்கலாம்?"

நூலகர் வாயைத் திறக்குமுன் தர அதிகாரி குறுக்கிட்டார். "நாம பொறுக்கினா பாரபட்சம்னு சொல்லுவாங்க சார். குலுக்கிப் போட்டா நம்பகமானதுன்னு முதல் கூட்டத்துலயே பதிவாகியிருக்கு. மேடம்தான் சொன்னாங்க."

"அது நோயாளிகளைப் பிரிக்கறதுக்குச் சொன்னது சார். கட்டுரையைத் தூக்கி எறியறதுக்கு இல்ல."

"விஞ்ஞானம் எல்லாத்துக்கும் ஒண்ணுதானே மேடம்?" என்றார் தர அதிகாரி. முதல் முறையாகத் திரையிலிருந்து கண்ணை எடுத்திருந்தார். கிண்டல் செய்கிறாரோ என்று நூலகர் அந்த முகத்தைத் துழாவிப் பார்த்தார். இல்லை. ஆள் மனதாரச் சொல்கிறார். கிண்டலாக இருந்திருந்தால் எவ்வளவோ தேவலை.

சிறுநீரக வடிவத்தில், ஆபரேஷனில் வெட்டி எடுத்ததைப் போடுகிற எஃகுத் தட்டு ஒன்றை எங்கிருந்தோ கொண்டுவந்தார்கள். கழுவியதுதான் என்று யாரோ உறுதி சொன்னார். ஏழு சீட்டு எழுதி, மடித்து, அதில் போட்டுக் குலுக்கினார்கள். தலைவர் கண்ணை மூடிக்கொண்டு இரண்டை எடுத்தார். உறுப்பினர்கள் கைதட்டினார்கள். ஆயிரக்கணக்கான நோயாளிகளைப் பல வருடம் பின்தொடர்ந்து, ஒவ்வொருவரும் விழுந்தாரா எழுந்தாரா என்று வீடு தேடிப்போய்க் கேட்டு எழுதிய பெரிய ஆய்வுகள் தட்டிலேயே தங்கிவிட்டன. வந்த இரண்டும் இருப்பதிலேயே சின்னவை. மிச்சச் சீட்டுகளைத் தலைவர் கசக்கி டீக் கோப்பைக்குள் போட்டார். நூலகர், இந்த மேசையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோமே என்று கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

நான்காவது கூட்டம் சுருக்கத்துக்கு. நான்கு பக்கத்தை ஒரு பக்கமாக்கச் சொன்னார்கள், ஆக்கினார். ஒரு பக்கத்தை ஒரு பத்தியாக்கச் சொன்னார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் ஆக்கினார். பிறகு சட்ட ஆலோசகர் அதைக் கையில் வாங்கி, "விழுகிறார்கள்" என்ற சொல்லில் விரலை வைத்தார்.

"விழுகிறார்கள்னு எழுதினா நாம தள்ளிவிட்ட மாதிரி தொனிக்குது."

"வேற எப்படி எழுதறது சார்? விழத்தானே செய்யறாங்க?"

"படுக்கைல இருந்தவங்க தரைக்கு வர்றாங்க. அவ்வளவுதானே? உயரம் மாறுது. எதிர்பாராத உயர மாற்றம்னு போடுங்க. யார் மனசும் புண்படாது."

"இடுப்பெலும்பு உடைஞ்சவங்க மனசு, சார்?"

"அவங்க இதைப் படிக்கப்போறதில்லையே" என்றார் சட்ட ஆலோசகர், நியாயமாகவே.

அப்படியே பூசி மெழுகி, கடைசியில் அது இந்த வடிவத்துக்கு வந்து நின்றது: "ஆரஞ்சு மருந்துக்கு ஆதரவாகவும் எதிராகவும் சம அளவில் சான்றுகள் உள்ளன. சிலரிடம் எதிர்பாராத உயர மாற்றம் காணப்படலாம். ஆகவே தற்போதைய நடைமுறை தொடரலாம். மதிப்பீடும் சுருக்கமும்: நூலகர்."

"மதிப்பீடு பண்ணக் கூடாதுன்னு சொன்னீங்களே சார்? இப்போ என் பேர் போட்டிருக்கு" என்றார் நூலகர்.

"உதவினவங்களுக்கு நாங்க மரியாதை செய்யாம இருப்போமா?" என்றார் தலைவர். "ஏதாவது வில்லங்கம் வந்தாலும் யாரைக் கேக்கணும்னு தெளிவா இருக்கும் பாருங்க."

"இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன் சார்."

"தாராளமாப் போடாதீங்க. அடுத்த காலாண்டுக்குத் தள்ளி வெச்சிடலாம். அதுவரைக்கும் எப்பவும் போல மருந்து ஓடிட்டிருக்கும்."

நூலகர் கணக்குப் போட்டுப் பார்த்தார். அக்காவுக்கு அடுத்த வாரம் ஆபரேஷன். எதிராகவும் சான்று இருக்கிறது என்று ஒரு வரியாவது வார்டுக்குப் போய்ச் சேரட்டும். படிக்கிறவர்கள் கொஞ்சமாவது யோசிப்பார்கள். எப்படியும் அந்த வார்டில் அந்த சிஸ்டர் இருக்கிறார், மனசு ஒப்பவில்லை என்று சொன்ன சிஸ்டர். அரை உண்மை கிடைத்தால் மீதியை அவரே புரிந்துகொள்வார். இப்படியெல்லாம் தனக்குத்தானே சப்பைக்கட்டு கட்டிக்கொண்டு கையெழுத்தைப் போட்டார். பேனாவை மூடும்போது ஏதோ அழுகியதைத் தொட்டுவிட்ட மாதிரி இருந்தது. போய்க் கையைக் கழுவினார். சோப்பு போட்டு இரண்டு தடவை கழுவினார்.

நான்கு வரிச் சுருக்கத்தை வெளியிட மருத்துவமனை ஒரு விழா எடுத்தது. அது அக்காவுக்கு ஆபரேஷன் நடந்த நாளாகவே அமைந்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து அக்கா கண் விழித்ததைப் பார்த்துவிட்டு, "சாயங்காலம் ஒரு விழா இருக்கு, தலையைக் காட்டிட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு நூலகர் அரங்குக்கு ஓடினார். மயக்கம் நன்றாகத் தெளிந்ததும் அந்த மருந்து வேண்டாம் என்று சொல்லிக்கொள்ளலாம், அதுவரை சிஸ்டர் பார்த்துக்கொள்வார் என்று நினைத்தார்.

தலைவர் சுருக்கமாகப் பேசத் தொடங்கினார். சுருக்கம் சுருக்கமாக நீண்டது. "நாலு வரி. நாலே வரி. இதுக்குப் பின்னால எத்தனை கூட்டம், எத்தனை பிஸ்கட். உலகத்துல எந்த ஆஸ்பத்திரியும் இவ்வளவு நடுநிலையா ஒரு மருந்தைப் பார்த்திருக்காது. இதை நாங்க ஒவ்வொரு வார்டுலயும் மாட்டியிருக்கோம். சான்று எங்க சுவர்ல இருக்கு." பிறகு நூலகரை மேடைக்கு அழைத்து, பூங்கொத்தும் கண்ணாடிச் சட்டம் போட்ட பாராட்டுப் பத்திரமும் கொடுத்தார்கள். போட்டோக்காரர் சிரிக்கச் சொன்னார். நூலகர் சிரிக்கவில்லை, போட்டோக்காரர் விடவில்லை. முடித்துக்கொண்டு அவர் வார்டுக்குப் போனபோது பார்வையாளர் நேரம் முடிந்து கதவைச் சாத்தியிருந்தார்கள். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்குப் போனார்.

காலையில் அக்கா மகளிடமிருந்து போன் வந்தது. "சித்தி, அம்மா விழுந்துட்டாங்க. சீக்கிரம் வாங்க."

வார்டு வாசலிலேயே அவருடைய சுருக்கம் மாட்டியிருந்தது. ஓர் ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி, கீழே அவருடைய கையெழுத்தையும் பெரிதாக்கி வைத்திருந்தார்கள். நூலகர் அதைத் தாண்டி உள்ளே ஓடினார். அக்காவின் கட்டிலைச் சுற்றித் திரை போட்டிருந்தது. அக்கா மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே நின்றாள். உள்ளே எக்ஸ்ரே எடுக்கிறார்கள், இடுப்பெலும்பாகத்தான் இருக்கும் என்றாள்.

சிஸ்டர் ஓடி வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"இப்படி ஆகும்னு நான் நினைக்கவே இல்ல மேடம். காலைல பாத்ரூம் போக எழுந்திருக்காங்க."

"நீங்க குடுத்தீங்களா சிஸ்டர்? அந்த மருந்தை? நீங்களா?"

"குடுத்தேன் மேடம்." சிஸ்டர் புரியாமல் அவரைப் பார்த்தார். "இவ்வளவு நாளா நான் யாருக்கும் குடுக்கறதே இல்ல. அந்தப் பெரியம்மா விழுந்ததுலேர்ந்து, மூடில ஊத்தற மாதிரி ஊத்தி சிங்க்ல கொட்டிடுவேன். மாட்டிக்கிட்டா வேலை போயிடுமேன்னு பயம் வேற. அதுக்குத்தானே உங்ககிட்ட வந்தேன்? நீங்க படிச்சுப் பார்த்து, பரவாயில்ல, தொடரலாம்னு கையெழுத்துப் போட்டதும் எனக்குப் பெரிய பாரம் இறங்கிச்சு. அதுக்கப்புறம் நேத்துதான் முதல் தடவையா, வார்டு முழுக்க எல்லாருக்கும், நிம்மதியாக் குடுத்தேன்."

திரை விலகியது. எக்ஸ்ரே வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அக்கா பாதி மயக்கத்தில் கிடந்தாள். வலிக்கு ஊசி போட்டிருந்தார்கள். தங்கையைப் பார்த்ததும் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டு சிரிக்கப் பார்த்தாள்.

"வந்துட்டியா? அழாதே. எனக்கு ஒண்ணுமில்ல."

"ஏன் அக்கா அதைக் குடிச்சே? எந்த மருந்தா இருந்தாலும் நாலு கேள்வி கேப்பியே?"

"கேட்டேனே" என்றாள் அக்கா. "இதெல்லாம் எதுக்கு, வேண்டாம்னுதான் சொன்னேன். அப்புறம் பக்கத்துக் கட்டில்காரி வாசல்ல இருக்கறதைப் படிச்சுக் காட்டினா. கீழே உன் பேர். என் தங்கச்சிதான் எழுதியிருக்கான்னு வார்டு பூரா சொன்னேன். தயங்கிட்டு இருந்தவங்களைக்கூட நான்தான் குடிக்க வெச்சேன்."

நூலகர் திரும்பிப் பார்த்தார். வார்டில் இருபுறமும் கட்டில்கள். நரைத்த தலைகள் இன்னும் எழாமல் கிடந்தன. மூன்றாவது கட்டிலில் ஒரு பெண்மணி மெதுவாகக் காலைக் கீழே இறக்கி, தரையைத் துழாவிக்கொண்டிருந்தாள். அவர் அவளை நோக்கி ஓடினார்.